ஒரு விரல் இடைவெளி

போன தை மாதம்
தொண்ணூறு பெட்டி ஏற்றியதற்கே
எனக்க வண்டி பின்னங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது
சேறு கண்ட எருமை போல.

ஹெட்லைட் இரண்டும் வானத்துக்கு.
திருவட்டாறு தாண்டி ரோடு இருட்டில் கிடக்க
ரப்பர் மர உச்சிகள் மட்டும்
வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தன.
கிளையில் நின்ற ஒரு மரநாய்
நேருக்கு நேர் என்னைப் பார்த்தது.
எதிரே வந்த பஸ்காரன் கண் கூசி
என் அப்பனையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான்.

இந்தத் தடவை நூற்றி நாற்பது என்கிறாள் ஞானரோஸ்.
குலசேகரம் பக்கம் தளிர் விட்டாச்சாம்.
ரப்பருக்குத் தேன் பூவில் இல்லை,
இளம் இலைக்காம்பில் கசியும்.
நாள் தப்பினால் அடுத்த வருஷம்தான்.
"உனக்க வண்டி தாங்காதுன்னா இப்பமே செல்லு,
அருமனைக்காரன விளிக்கேன்."

வெட்டுவெந்நியில் ரசலையன் பட்டறை.
ஜாக்கியில் தூக்கி, சக்கரம் கழற்றி,
பட்டைகளை அவிழ்த்துத் தரையில் வரிசையாய்ப் போட்டார்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும்
மூன்றாவது பட்டையில் ஒரு கீறல்,
தலைமுடி கனத்தில்.
"இத வச்சா இத்தன நாளு ஓடுன?"

புதுசாய் மூன்று பட்டை கூட்டிவிடுங்கள் என்றேன்,
கல்லு மாதிரி நிற்கட்டும்.

"நிக்கும். பாரத்துக்கு அசையாது.
காலியா வரும்போ
ஒவ்வொரு குழியையும் உனக்க முதுகெலும்பு எண்ணும்.
ஆமா, ஏத்துகது என்ன?"

தேனீ.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

குலுக்கினால் அடை ஒடியும்,
ஒடிந்த அடைக்கடியில் ராணி நசுங்கும்,
விடிந்தால் பெட்டி வெறும் பலகை.
இதை ஞானரோஸ் எனக்குச் சொல்லியிருந்தாள்,
நான் ரசலையனுக்குச் சொன்னேன்,
அவர் போனில் வீட்டுக்குச் சொன்னார்:
"சோறு தின்ன நேரமாவும்."

கீறல் பட்டைக்கு மாற்று ஒன்று போட்டார்.
மற்றதை நெருப்பில் காட்டி, அடித்து,
போன வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார்.
அப்புறம் இரும்புக் குவியலுக்குள் கைவிட்டு
தடியாய் ஒரு பட்டை எடுத்தார், வளைவே இல்லாதது.
எல்லாவற்றுக்கும் அடியில் அதை வைத்து
யூ போல்ட்டை இறுக்கினார்.

அதன் முனைகள் மேல்பட்டையைத் தொடவில்லை.
என் சுண்டுவிரல் தாராளமாய் நுழைந்தது.

"இது சும்மா கெடக்கும்.
காலி வண்டியில இப்படி ஒருத்தன் உண்டுன்னே தெரியாது.
ஆயிரம் கிலோ தாண்டட்டு,
மேல உள்ளவன் எறங்கி வந்து இவனுக்க மேல இருப்பான்."

எனக்க மச்சானுக்கு நேர் எதிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"பட்டைதான் மாத்தியிருக்கு, கேட்டியா?
பிரேக்கு பழசு, டயரு பழசு, நீயும் பழசு.
எறக்கத்துல செகண்டு கியரு."

கூலியில் எண்ணூறு பாக்கி.

ராத்திரி பத்தரைக்கு ஏற்றத் தொடங்கினோம்.
தேனீ எல்லாம் கூடடைந்த பிறகு
வாசலில் ஈரத்துணி திணித்து
ஒவ்வொரு பெட்டியிலும் காது வைத்துக் கேட்டுவிட்டே
கொடுத்தாள் ஞானரோஸ்.
நான் நடுநடுவே வண்டிக்கடியில் குனிந்து
விரல் விட்டுப் பார்த்தேன்.
எண்பதில் போனது.
நூறில் நகம் மட்டும் போனது.
நூற்றிப் பன்னிரண்டில்
டார்ச் அடித்துப் பார்த்தால்
தொட்டிருந்தது.

ஆற்றூர் வளைவில் வெளிச்சம் ரோட்டிலேயே கிடந்தது.
குழி. தவளை. குழி.
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
மேலே என்ன இருந்ததென்று தெரியாது,
மரநாய் அங்கேயேகூட நின்றிருக்கலாம்.

முதுகுக்குப் பின்னால்
நூற்றி நாற்பது பெட்டியும் முனகிக்கொண்டே வந்தன,
பாலம் ஏறுகையில் கொஞ்சம் கூடி,
இறங்கியதும் பழையபடி.
வாயைத் திறந்தபடி ஞானரோஸ் தூங்கிவிட்டாள்.

நூறு கிலோமீட்டர் ஓடினதும் வா,
யூ போல்ட் தளரும் என்றிருந்தார் ரசலையன்.
மீட்டரைப் பார்த்தேன்.
பதினெட்டு.